துருசு திறக்கும் நாளை யார் குறிப்பது?

உன்னிச்சைக் குளம் நிரம்பினால் 33 அடி. மாரிகாலத்தில் மட்டக்களப்புச் செய்திகளைக் கவனிக்கிற எவருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். தண்ணீர் அந்த மட்டத்தை நெருங்கும்போது வான்கதவு எப்போது திறப்பார்கள், வவுணதீவுப் பக்கம் ரோடு தாங்குமா என்று ஊர் பேசத் தொடங்கிவிடும். கோடையில் அதே அளவுகோல் வேறொரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம்?

அதைத் தீர்மானிக்கிற இடம் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். அரசாங்க அதிபரோ அவர் சார்பில் பிரதேச செயலாளரோ தலைமை வகிப்பார். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவைக்காரர், விவசாயத் திணைக்களத்தார், காப்புறுதிக்காரர் எல்லாரும் முன்வரிசையில் இருப்பார்கள். எதிரே வயற்கண்டம் வாரியாக விவசாய அமைப்புத் தலைவர்களும் வாய்க்கால் பார்க்கும் வட்டவிதானைமாரும். குளத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று பொறியியலாளர் சொன்னதும் பேரம் ஆரம்பிக்கும். எந்தக் கண்டத்துக்கு எத்தனை ஏக்கர், முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை வயற்பக்கத்திலிருந்து எந்த நாளுக்குள் அப்புறப்படுத்துவது என்று ஒவ்வொன்றும் முடிவாகிக் கூட்டறிக்கையில் ஏறும். குரல் உயரும், சிலர் எழுந்தும் போவார்கள். ஆனால் 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பெரும்பான்மையாக எடுத்த முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்தும். மீறினால் வழக்கு. இந்த ஏற்பாட்டின் வேர் 1856 ஆம் ஆண்டின் முதலாவது நீர்ப்பாசனச் சட்டத்தில் இருக்கிறது. ஊரின் பழைய நீர் வழக்கங்களை வெள்ளைக்காரன் ஏட்டில் ஏற்றிக்கொண்ட சட்டம் அது.

குளத்து நீரைப் போலவே நீர்மின்சாரத்தின் நன்மைகளையும் அது பிறக்கிற பிரதேசத்தோடு எப்படிப் பகிர்வது, அதற்கு மக்களை எப்படிக் கேட்பது என்ற விவாதம் உலகெங்கும் நடக்கிறது. அந்த விவாதத்தைப் பற்றி எழுதும் நம் ஊர் ஆட்கள் ஜெனீவாவிலிருந்தும் வோஷிங்டனிலிருந்தும் வரும் கையேடுகளைப் புரட்டுகிறார்கள். உன்னிச்சையில் ஆண்டுக்கு இரண்டு தடவை நடக்கிற கூட்டத்தை ஒருவரும் முன்மாதிரியாக எடுத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? பங்கிடுவதற்கு ஒரு பொருள் கண்முன்னால் இருக்கிறது. பங்கீட்டை முடிவுசெய்யும் அதிகாரமும் அந்த மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டும் இல்லாத கருத்துக்கேட்பு, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்புகிற உபசாரம்தான்.

கல்லோயா சொன்ன பாடம்

கிழக்கில் நீரும் மின்சாரமும் முதன்முதலில் பெரிய அளவில் சேர்ந்தது கல்லோயா அணை எழுந்த இங்கினியாகலையில். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் அணையைக் கட்டியது. 1950களின் தொடக்கத்தில் சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியபோது, ஏழரை இலட்சம் ஏக்கர் அடிக்கும் மேல் கொள்ளும் அந்த நீர்த்தேக்கம் நாட்டிலேயே பெரியது. அணையடியில் ஏறத்தாழ 11 மெகாவாற் மின்நிலையம். அன்று அந்த நிலம் முழுவதும் மட்டக்களப்பு மாவட்டம். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அணை ஒரு பக்கமும், அதன் வாய்க்கால் கடைசியாகப் போய்ச் சேரும் சில வயல்கள் இன்னொரு பக்கமும் ஆயின.

பகிர்வு எப்படி நடந்தது? தலைவாய்க்காலை ஒட்டிய குடியேற்றங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட சிங்களக் குடும்பங்களுக்கு. வாய்க்காலின் வாலில், கடலோரமாக, தலைமுறை தலைமுறையாக வயல் செய்துவந்த முஸ்லிம்களும் தமிழரும். 1956 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் இரத்தம் சிந்தியது. அதற்குப் பிறகு அங்கே யாரும் யாரையும் கூட்டிவைத்துக் கேட்கிற சூழல் நெடுங்காலம் இருக்கவில்லை. தண்ணீர் தலைப்பக்கத்தில் வழிந்தோடும். வால்பக்கத்தில் வயல் வெடிக்கும். இருபத்தைந்து ஆண்டுகள் இப்படியே.

இதிலிருந்து பலர் எடுக்கிற முடிவு, இன அரசியல் புகுந்த இடத்தில் நீர்ப் பகிர்வு சாத்தியமில்லை என்பது. 1980களின் தொடக்கத்தில் நடந்தது அந்த முடிவைப் பொய்யாக்குகிறது. அமெரிக்க உதவியோடு இடதுகரை வாய்க்கால்களைத் திருத்த வந்த திட்டத்தில், கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை ஊர்களில் தங்கவைத்தன. அவர்களுக்குக் கொடுத்த வேலை, வயல்வாய்க்கால் ஒன்றைப் பகிரும் பத்துப் பதினைந்து விவசாயிகளை ஒன்றாக இருத்திப் பேசவைப்பது. முதற்கூட்டங்களிலேயே தலைப்பக்கத்துச் சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் பேசுகிற விவசாயிகளுக்குத் தண்ணீர் போய்ச்சேரட்டும் என்று தங்கள் மடைகளை முறைவைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். இனக் கலவரம் நாட்டையே உலுக்கிய 1983 இலும் இந்த ஏற்பாடு கலையவில்லை. கோர்னல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இதை 1992 இல் தனி நூலாகவே எழுதினார். வாய்க்காலளவு சிறிய வட்டத்தில், கையில் ஒரு முறையோடு கூடியவர்கள் பகிர்ந்தார்கள். அதே பிரதேசத்தில் சபை மட்டத்தில் வகுத்த பெருந்திட்டத்தால் அது முடியவில்லை.

இங்கினியாகலையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அங்கே சுழலி சுற்றுவது வயலுக்குத் தண்ணீர் விடும்போது. மின்சாரத்துக்காக வயலைக் காயப்போடுவதில்லை. அது ஒரு முன்னுரிமை; ஒரு காலத்தில் யாரோ எடுத்த முடிவு. நாட்டின் மற்றப் பெரிய அணைகளில் இந்த முன்னுரிமை எப்போதும் இப்படி இல்லை.

வயலுக்கா, விளக்குக்கா?

2023 ஆகஸ்டில் இந்த முன்னுரிமைத் தகராறு எல்லாருக்கும் வெளிச்சமானது. வளவை கங்கையில் மேலே சமனலவெவ: 120 மெகாவாற் மின்நிலையம். கீழே உடவளவ: பல்லாயிரம் ஏக்கர் சிறுபோகம். வறட்சி. நெல் கதிர்விடும் நேரத்தில் வயல் காய்ந்தது. சமனலவெவவில் இருக்கிற தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். திறந்துவிட்டால் தென்மாகாணத்தின் மின்வழங்கலைத் தாங்க முடியாது, மின்வெட்டு வரும் என்றது மின்சார சபை. விவசாய அமைச்சரும் மின்சக்தி அமைச்சரும் எதிரெதிராகப் பேசினார்கள். கடைசியில் அமைச்சரவை கூடித் தண்ணீரைத் திறக்கச் சொன்னது. அதற்குள் பல வயல்கள் கைவிட்டுப் போயிருந்தன.

இந்த மோதலில் சட்டப்படி நடந்த கருத்துக்கேட்பு எது என்று தேடினால் விடை வீதிமறியல்தான். விவசாயி தன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் திகதி குறித்திருந்தான். ஆனால் மேலே இருக்கிற அணையின் கதவுக்கு அந்தக் கூட்டத்தின் முடிவு எட்டாது. மகாவலியில் நிலைமை கொஞ்சம் மேல். போகத்துக்கு முன்னால் நீர் முகாமைக் குழு ஒன்று கூடி, பொல்கொல்லையில் எவ்வளவைத் திருப்புவது, விக்டோரியாவுக்கும் ரந்தெனிகலைக்கும் எவ்வளவை விடுவது என்று பார்க்கிறது. வடக்கே வயலுக்குத் திருப்புகிற தண்ணீர், உக்குவலையிலும் போவதென்னையிலும் சிறிதளவு மின்சாரம் தந்துவிட்டுப் போகும். விக்டோரியா வழியே போனால் அதைவிட அதிகம் தரும். ஒவ்வொரு கனமீற்றரிலும் இந்தப் பேரம் இருக்கிறது. பேசுகிறவர்கள் திணைக்களத் தலைவர்கள்.

இதில் மட்டக்களப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மகாவலித் தண்ணீர் மினிப்பேயில் திரும்பி, உல்ஹிட்டிய, ரத்கிந்த குளங்கள் தாண்டி, மலைக்குள் குடைந்த வழியால் மாதுறு ஓயாவில் விழுகிறது. மாதுறு ஓயா கடலைச் சேர்வது மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கில். ஊவா மலையில் மகாவலிக்கு வந்துசேரும் உமா ஓயாவின் ஒரு பங்கு, 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட 120 மெகாவாற் திட்டத்தால் இப்போது சுரங்கத்துக்குள் இறங்கித் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் போகிறது. சுரங்கம் வெட்டும்போது பண்டாரவளையில் வீடுகள் வெடித்து, கிணறுகள் வற்றியதெல்லாம் நாடறிந்த கதை. ஆற்றின் அந்தக் கரையில் குறைவது இந்தக் கரையில் எங்கே தெரியும் என்பது யாரும் அறியாக் கதை.

முப்பது நாள் சட்டம்

தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988 திருத்தம் இப்படிச் சொல்கிறது: பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மும்மொழியிலும் விளம்பரப்படுத்து, முப்பது நாள் மக்கள் எழுத்தில் கருத்துச் சொல்லட்டும், தேவையென்று அதிகாரி கருதினால் பொது விசாரணை வை. நீர்மின்நிலையம் 50 மெகாவாற்றைத் தாண்டினால்தான் பெரிய திட்டங்களின் பட்டியலில் தானாகச் சேரும். இங்கினியாகலை போல ஐந்து கட்டினாலும், ஒவ்வொன்றும் 50க்குக் கீழே. காட்டு எல்லையோ வேறு பிரிவோ குறுக்கிட்டால் ஒழியக் கேட்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

கேட்டபோதும் என்ன நடந்தது? மேல் கொத்மலை. தலவாக்கலையில் 150 மெகாவாற். 1990களின் நடுவில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையே அனுமதி மறுத்தது. மேன்முறையீடு, வழக்கு, தொண்டமான் கட்சியின் எதிர்ப்பு, பிறகு உடன்பாடு என்று ஒரு தலைமுறை ஓடி, 2012 இல் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்மாறின. புதுவீடு கிடைத்தது உண்மை. லயத்தை விட நல்ல வீடு. செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனையும் போராட்டத்தால் கிடைத்தது. ஆனால் ஆண்டுதோறும் அந்த நிலையம் உழைக்கிற வருமானத்தில் தலவாக்கலைக்கென்று ஒரு சதவீதம் எழுதப்படவில்லை. ஒருமுறை நட்டஈடு, அதோடு கணக்கு முடிந்தது. நட்டஈடும் பங்கும் ஒன்றென்று நம் அதிகாரிகள் நினைப்பதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாத இடம்.

மின்சாரக் கட்டணம் மாறும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாகப் போய் வாய்மொழிக் கருத்துக் கேட்கிறது. நல்ல வழக்கம். ஆனால் அங்கே பேசப்படுவது அலகின் விலை. எந்த ஆற்றின் தண்ணீர் யாருக்கு என்பது அந்த மேசைக்கு வராது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நாடு முழுக்க ஒரே கட்டணம் என்பதும் ஒருவகைப் பகிர்வே. லக்சபானவில் விழுந்த மலிவு மின்சாரம் மட்டக்களப்பு வீட்டுக்கும் அதே விலையில் வந்தது. கம்பி வந்த வீட்டுக்கு. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் பல ஊர்களுக்குக் கம்பி வந்தது போர் ஓய்ந்த பிறகு. நீரால் நாடு ஒளிர்ந்த காலத்தில் அவர்கள் குப்பிவிளக்கோடு இருந்தார்கள். அவர்களுக்குக் கம்பி வந்தபோது நிலக்கரியும் எண்ணெயும் கட்டணத்தை ஏற்றியிருந்தன.

அயலவர் எழுதிய பங்கு

நோர்வே உள்ளூர்ப் பங்கை 1917 இலேயே சட்டமாக்கியது. ஆற்றில் மின்நிலையம் கட்டுகிறவர், உற்பத்தியில் பத்து வீதம் வரை அந்த உள்ளூராட்சிக்கு அடக்கவிலையில் கொடுக்க வேண்டும். இந்தியாவில் அணை இருக்கும் மாநிலத்துக்கு 12 வீத மின்சாரம் இலவசம். 2008 கொள்கை உள்ளூர் அபிவிருத்திக்கென்று இன்னும் ஒரு வீதம் சேர்த்தது. நேபாளத்தில் நீர்மின் உரிமப்பணத்தில் 25 வீதம் மாகாணத்துக்கும் 25 வீதம் உள்ளூராட்சிக்கும் போகிறது. திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஊரார் பத்து வீதம் பங்கு வாங்கலாம். முல்லைப் பெரியாற்றில்கூட, 1886 குத்தகையில் மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் இருந்ததை 1970 இல் திருத்தி, தமிழ்நாடு உற்பத்தி செய்கிற மின்சாரத்துக்குக் கிலோவாற் ஆண்டு ஒன்றுக்கு 12 ரூபா கேரளத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தது. சிறிய தொகை. ஆனால் எழுதப்பட்டது.

இவற்றில் நான் அதிகம் யோசிப்பது கனடாவின் கொலம்பியா ஆற்றைப் பற்றி. 1961 இல் கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் செய்தன. கனடாப் பக்கம் மூன்று அணைகள் எழுந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடும் தோட்டமும் இழந்தார்கள். அவர்களைக் கேட்கவில்லை. கீழே அமெரிக்காவில் கூடுதலாகக் கிடைத்த மின்சாரத்தில் பாதி கனடாவுக்கு என்றது ஒப்பந்தம். அந்தப் பாதியை முதல் முப்பது ஆண்டுகளுக்கு மாகாண அரசு விற்றுவிட்டது. 1990களில் அந்தத் தவணை முடியப்போகும் நேரம் பார்த்து, பள்ளத்தாக்கின் உள்ளூராட்சிகளும் பழங்குடிப் பேரவையும் ஒன்றாகி, ஊர் ஊராகக் கூடிப் பேசி, இந்த முறை எங்கள் பங்கு எது என்று மாகாணத்தின் வாசலில் போய் நின்றன. 1995 இல் கொலம்பியா வடிநில நம்பிக்கை நிதியம் சட்டத்தால் பிறந்தது. 45 மில்லியன் டொலர் மூலதனம்; புதிய மின்நிலையங்களில் பங்காளியாக முதலிட 276 மில்லியன். இன்று அந்த நிலையங்களின் வருமானம் பள்ளத்தாக்குக்கே திரும்புகிறது. இயக்குநர்களில் பாதிப் பேரை உள்ளூராட்சிகளும் பழங்குடிப் பேரவையும் முன்மொழிகின்றன. முப்பது ஆண்டு தாமதமான கேட்பு, ஆனால் கேட்ட நேரத்தில் மேசையில் ஒரு பொருள் இருந்தது.

உலக அணைகள் ஆணைக்குழு தென்னாசிய மக்களைக் கேட்டது 1998 டிசம்பரில், கொழும்பில். இந்தியாவில் நடக்கவிருந்த கூட்டம் அங்கே எதிர்ப்பால் தடைப்பட்டதால் இங்கே வந்தது. அப்போது போர்க்காலம்; படுவான்கரை வவுணதீவுக் காவலரணுக்கு அப்பால் இருந்தது.

உன்னிச்சையின் மேசை

இனி உன்னிச்சைக்கு வருவோம். இங்கே பகிர்வுத் தகராறு முதலில் மின்சாரத்தால் வரவில்லை, குடிநீரால் வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில், உன்னிச்சைத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவிக்கு அப்பால் எழுவான்கரை நகரங்களுக்குக் குழாயில் போகிறது. குளத்தடியில் இருக்கிற ஊர்கள் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு கோடையில் பவுசருக்குக் காத்திருந்த காலம் உண்டு. அந்த மனக்குறை போராட்டமாகவும் வந்தது. நகரத்தாரைக் குறைசொல்ல மாட்டேன். கடலோரக் கிணறுகளின் உப்பு யாருக்கும் தெரியும். பிழை, குளத்துக்கு ஒரு புதிய பங்காளி வந்தபோது அவனுக்குக் கூட்டத்தில் ஒரு கதிரை போடாததில் இருக்கிறது. நகரத்தின் குழாய்க்கு இந்தக் கோடையில் எத்தனை அடி ஒதுக்குவது என்று விவசாயிக்கு எதிரே நின்று சொல்லவேண்டியவர் சொன்னால், வாக்குவாதம் நடக்கும், முடிவும் நடக்கும்.

மின்சாரக் கணக்கையும் மறைக்காமல் போட்டுப் பார்ப்போம். ஒரு செக்கனுக்கு ஒரு கனமீற்றர் தண்ணீர் பத்து மீற்றர் இறங்கினால், இழப்புப் போக ஏறத்தாழ 80 கிலோவாற். 33 அடி என்பது பத்து மீற்றரை ஒட்டியது. அதுவும் குளம் நிரம்பியிருக்கும் நாட்களில். துருசால் ஐந்து கனமீற்றர் விட்டாலும் 400 கிலோவாற்றைத் தாண்டாது. கோடையில் மட்டம் இறங்க இறங்க அதுவும் தேயும். ஆகவே பாசனக் குளத்து மின்சாரம் ஊரைப் பணக்காரர் ஆக்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் குளக்கட்டைப் பராமரிக்க, வாய்க்கால் தூர்வார, யானைவேலிக்கு மின்கலம் மாற்ற ஆண்டுதோறும் அரசின் கையைப் பார்த்திருக்கும் ஒரு விவசாய அமைப்புக்கு அது சிறு பணமும் அல்ல.

ஆபத்து பணத்தில் இல்லை, நேரத்தில். மின்சாரத்துக்கு விலை மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் நடுவில். வயலுக்குத் தண்ணீர் முறை வைத்து, பகலிலும் இரவிலும். தனியார் ஒருவர் துருசடியில் சுழலி வைத்தால், மாலையில் திறந்து இரவில் மூடச்சொல்லி மெல்ல மெல்ல அழுத்தம் வரும். வாய்க்காலின் வாலுக்குத் தண்ணீர் போய்ச்சேர இரண்டு நாள் தொடர்ந்து ஓட வேண்டும். இங்கினியாகலை விதியை உன்னிச்சையிலும் எந்தக் குளத்திலும் எழுத்தில் வைக்கலாம்: பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீரில் மட்டும் மின்சாரம், திறக்கிற நாளைக் குறிப்பது பயிர்ச்செய்கைக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தைப் புகழ்ந்து எழுதினேன் என்பதற்காக அதன் ஓட்டையைச் சொல்லாமல் விட முடியாது. சட்டத்தின் பார்வையில் அது காணிச் சொந்தக்காரர்களின் கூட்டம். குளத்தில் வலைபோடுகிற நன்னீர் மீனவருக்கு அங்கே வாக்கு இல்லை; மட்டம் இறங்கினால் முதலில் அடிபடுவது அவர்தான். மேய்ச்சல்தரை பறிபோகும் பண்ணையாளருக்கு இல்லை. களைபிடுங்கும் பெண்களுக்கு இல்லை. வாவியில் இறால் பிடிக்கிறவரைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. உன்னிச்சை வான் பாய்ந்து வாவியில் நன்னீர் ஏறும்போதும், முகத்துவாரம் வெட்டப்படும்போதும் அவரது பருவம் மாறுகிறது. 1990 இல் உன்னிச்சையை விட்டு இடம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பங்களும் இருக்கிறார்கள். பகிர்வுப் பட்டியல் எழுதும்போது இன்று யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் கிராம சேவகர் பதிவைப் பார்த்தால், அவர்கள் பெயர் தானாக விழுந்துபோகும். போரால் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதி. கொலம்பியாவில் நிதியம் வந்தபோதும் நீர்த்தேக்கத்தில் வீடிழந்து வெளியூர் போன பலர் பயனாளிப் பரப்புக்கு வெளியேதான் நின்றார்கள்.

பணத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆளுக்கு ஒரு மின்கட்டணச் சலுகை என்று வந்தால், போடியார் வீட்டுக்குத்தான் பெரிய சலுகை. அலகு அதிகம் எரிப்பவர் அவர். குளத்தின் பெயரில் ஒரு நிதி, அதில் குழாய்நீரிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் கனமீற்றருக்கு இவ்வளவென்று நிலையான ஒரு தொகை, செலவுக் கணக்கு ஒவ்வொரு போகக் கூட்டத்திலும் வாசிக்கப்படும் என்ற விதி. இதைவிடப் பெரிதாக எதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டியதில்லை. 50 மெகாவாற் எல்லையைத் தாழ்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை. 2024 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்திருப்பதால், உற்பத்தி நிறுவனத்தின் உரிமத்தில் உள்ளூர்ப் பங்கை எழுதவைப்பதற்கு இடமும் உண்டு. தாமதித்துக் கேட்டால், கொலம்பியாக்காரரைப் போல முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டிவரும்.

மீனவர், பண்ணையாளர், நீர்வழங்கல் சபை, மின்சாரக்காரர், இடம்பெயர்ந்தவர்களின் பிரதிநிதிகள் ஆகியோருக்கு வாக்குரிமை கொடுக்கக் கட்டளைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் சொன்னதை அறிக்கையில் பதிவதற்குத் திருத்தம் தேவையில்லை. பெரும்போகக் கூட்டத்துக்கான அழைப்புக் கடிதத்தில் யார் யார் பெயர் இருக்க வேண்டும் என்பது மாவட்டச் செயலகம் தானே எடுக்கக்கூடிய முடிவு.